முதல் வடை

உட்காரலாமா ரைட்டர் ஐயா? முட்டி மடங்க மாட்டேங்குது, அந்த மரப்பெட்டியைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க. ஆங், போதும். பேரு குமரகுரு பிள்ளை. ஊரு புன்னைப்பட்டு. வயசு அறுபத்தொண்ணு. ஒரு மனு எழுதணும், கலெக்டர் துரைக்கு. இந்தக் கோர்ட்டு வாசல்ல இத்தனை ரைட்டர் இருக்கறப்ப, உங்க மனுவைத்தான் துரைமார் கடைசி வரி வரைக்கும் படிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன். அதான் கடலூருக்கு வண்டி கட்டிக்கிட்டு வந்தேன்.

விஷயம் என்னன்னா, எனக்குச் சேர வேண்டிய மரியாதை ஒண்ணைப் பறிச்சுட்டாங்க. நிலம் இல்லை, வீடு இல்லை. வடை. சிரிக்காதீங்க. ஒரே ஒரு உளுந்து வடை. இருபது தீபாவளியா ஊரு கூடி நிக்கிற இடத்துல முதல் வடை எனக்குத்தான். மேளம் உண்டு, மாலை உண்டு, கரை போட்ட வேட்டி உண்டு. இந்தத் தீபாவளிக்கு அதை எடுத்து வேற ஒருத்திக்குக் கொடுத்துட்டாங்க. இப்ப பன்னெண்டு நாளாச்சு. எனக்குச் சோறு இறங்கலை.

தில்லைநாயகம் செட்டியார்னு கேள்விப்பட்டிருப்பீங்க. எண்ணெய்ச் செட்டியார்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். புன்னைப்பட்டு ஆஸ்பத்திரி அவர் கட்டினது. பள்ளிக்கூடம் அவருது. கடலோரத்துல உப்பு ஏறாத கிணறு ரெண்டு, அதுவும் அவருது. போன தை மாசம் காலமானார். அவர்கிட்ட நான் கிட்டங்கிப் பிள்ளை. கிட்டங்கின்னா சரக்கு அறை. எந்தப் பீப்பாய்ல எந்த எண்ணெய், எது கப்பலுக்குப் போறது, எது கடைக்குப் போறது, எல்லாம் என் பொறுப்பு. சாவி என் இடுப்புலதான் தொங்கும்.

அவரு வாணியச் செட்டி. அப்பன் இல்லாத பிள்ளை. சின்ன வயசுல எண்ணெய்க் குடத்தைத் தலையில வச்சுத் தெருத் தெருவா வித்தவரு. அதை ஒளிக்கவும் மாட்டாரு. துரைங்க வந்து நாற்காலியில உட்கார்ந்திருப்பாங்க, இவரு குனிஞ்சு உச்சந்தலையைக் காட்டி, குடம் உட்கார்ந்து உட்கார்ந்து தட்டையாப் போச்சு பாருங்கம்பாரு. எனக்குத்தான் வெட்கமா இருக்கும். ஒரு செக்கு வச்சாரு, நாலாச்சு, பன்னெண்டாச்சு. அப்புறம் செக்கு மாட்டை எல்லாம் வித்துட்டுச் சீமையிலேருந்து நீராவி இயந்திரம் இறக்கினாரு. நம்ம பக்கத்துக் கரையில அதுக்கு முன்னால அப்படி ஒண்ணு வந்ததில்லை.

அது கரையில இறங்கினதும் மணல்ல புதைஞ்சுபோச்சு. பத்து ஜோடி மாடு கட்டியும் அசையலை. குப்பத்து ஜனங்க வந்தாங்க, மீன் பிடிக்கிறவங்க. வலைக்கயித்தைக் கட்டி, ஆம்பளை பொம்பளை எல்லாருமா ரெண்டு நாள் இழுத்தாங்க. கூலி கொடுத்தா வாங்க மாட்டேன்னுட்டாங்க. அப்பதான் அவரு அந்த வாக்கைக் கொடுத்தாரு. இந்த இயந்திரம் ஓடற வரைக்கும் ஊர்ல ஒரு வீடு விடாம தீபாவளிக்குத் தலைக்கு எண்ணெய் என்னுதுன்னாரு. வீட்டுக்கு ஒரு படி நல்லெண்ணெய்.

கவனிச்சீங்களா ரைட்டர் ஐயா? தலைக்கு. தலைக்குன்னுதான் கொடுத்தது. இதை நீங்க மனசுல வச்சுக்கிட்டா போதும், மனுவுல வேண்டாம். மனுவுல இருபது வருஷ வழக்கம்னு எழுதுங்க.

வழக்கம் எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேக்கறீங்க. எழுதறவர் கேக்கத்தான் கேப்பீங்க. சரி, சொல்றேன். பேனாவைக் கீழ வைங்க, இது உங்க காதுக்கு மட்டும்.

கர வருஷம். வானம் பொய்ச்சுப்போன வருஷம். எள்ளு விதைச்சவன் வீட்டுக்கு வைக்கோல் மாதிரிதான் வந்தது. தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கறப்ப இயந்திரத்துல ஏதோ உடைஞ்சுபோச்சுன்னு செட்டியார் பட்டணத்துக்குப் புறப்பட்டாரு. வண்டியில ஏறிக்கிட்டே என்கிட்ட, "ஒரு வீடு விடக் கூடாதுய்யா. இல்லைன்னு ஒரு வாசல்லயும் சொல்லிடாதே"ன்னாரு. அப்பல்லாம் என்னை வாய்யா போய்யான்னுதான் பேசுவாரு. கூடப் பிறந்தவன் மாதிரி.

தேரடித் தெருவுல ஆரம்பிச்சோம். எப்பவும் அங்கதான் ஆரம்பிக்கிறது, முறைன்னு ஒண்ணு இருக்கில்லையா. அப்புறம் கடைத்தெரு, அப்புறம் நெசவாளர் தெரு. அங்க முடிக்கறப்பவே கடைசிப் பீப்பாய்ல பாதிதான் இருக்குது. குப்பமும் சேரியும் அப்படியே பாக்கி நிக்குது. நூத்துச் சொச்சம் வீடு. ஊரெல்லாம் அலைஞ்சாலும் எள்ளு இல்லை.

கிட்டங்கியில காட்டாமணக்கு எண்ணெய் இருந்தது. கப்பல் விளக்குக்கும் சோப்பு காய்ச்சவும் அனுப்பறது. மெல்லிசா, தெளிவா, பெரிசா வாடையும் இல்லாம இருக்கும். நல்லெண்ணெயில பாதிக்குப் பாதி விட்டா கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆமா, காட்டாமணக்குக் கொட்டையைத் தின்னா பிள்ளைங்களுக்கு வாந்தியும் பேதியும் ஆகும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். தின்னாத்தானே. இது தலைக்கு.

அப்பவும் நான் சும்மா கலந்துடலை. முதல்ல என் தலையிலயே தேய்ச்சுக்கிட்டு ஒரு பகல் முழுக்க வெயில்ல உட்கார்ந்திருந்தேன். அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை. அப்புறம்தான் அளந்து கொடுக்கச் சொன்னேன். இந்த ஜாக்கிரதை வேற எவனுக்கு வரும் சொல்லுங்க. ஜனங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேன்னு நினைக்கறீங்க. சொன்னா வாங்க மாட்டாங்க. வாங்கலைன்னா ஒரு வீடு விட்டுப்போச்சுன்னு ஆகும். அவரு என்ன சொல்லிட்டுப் போனாரு?

தீபாவளி அன்னைக்கு என் வீட்டுல எல்லாரும் தலைக்குத் தேய்ச்சுக் குளிச்சு, புதுசு கட்டி, பலகாரம் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கோம். மத்தியானம் சேதி வருது, குப்பத்துலயும் சேரியிலயும் வாந்தி பேதின்னு. காலரான்னுதான் நினைச்சோம். ஊரே அந்தப் பக்கம் தலை காட்டலை. நானும் எங்க தெரு முனையில வேப்பிலைத் தோரணம் கட்டச் சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டேன். மூணு நாள்ல ஒன்பது பேரு. அதுல ஆறு பிள்ளைங்க. சத்தியமா சொல்றேன், எனக்கு அந்த எண்ணெய் நினைப்பே வரலை. தலையில தேய்ச்சா வாந்தி வருமா?

மூணாம் நாள் காலையில செட்டியார் வந்தாரு. வீட்டுக்குப் போகலை, நேரா குப்பத்துக்குப் போனாரு. செங்கேணின்னு ஒருத்தி, புருஷன் கடலோட போனவன், ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டுக் கருவாடு வித்துப் பொழைச்சவ. அவ குடிசைக்குள்ள நுழைஞ்சாரு. பெரிசைப் புதைச்சாச்சு. சின்னது பாயில கிடக்குது. அடுப்பு மேல சட்டி இருக்குது, சட்டியில எண்ணெய். விரலை விட்டு நாக்குல வச்சாரு. பிறந்ததுலேருந்து எண்ணெயோட புழங்கின நாக்கு அது. வேற யாரையும் ஒரு வார்த்தை கேக்கலை.

கிட்டங்கிக்கு வந்தாரு. கத்துவாருன்னு நினைச்சேன். கத்தலை. கவுத்துப் போட்ட பீப்பாய் மேல உட்கார்ந்தாரு.

"உங்க வீட்டுல தீபாவளிக்கு எத்தனை எண்ணெய், பிள்ளை?"

எனக்கு ஒண்ணும் புரியலை. தலைக்கு ஒண்ணு, பலகாரத்துக்கு ஒண்ணு முதலாளின்னேன்.

"எங்க அம்மா உச்சியில ஒரு சொட்டு வைப்பா. மிச்சத்தை அடுப்புல ஏத்தி வடை சுடுவா. வருஷத்துல எங்க வீட்டுல எண்ணெய்ச் சட்டி ஏறுறது அன்னைக்கு ஒரு நாள்தான். யாராவது தலைக்குன்னு தர்ற எண்ணெய்."

எனக்கு எப்படித் தெரியும் ரைட்டர் ஐயா? பதினோரு வருஷமா நானே நின்னு அளந்து கொடுக்கிறேன். பானையை நீட்டுவாங்க, கும்பிடுவாங்க, போவாங்க. போய் என்ன பண்றாங்கன்னு நான் ஒவ்வொரு வீடா எட்டிப் பார்க்க முடியுமா? தலைக்குன்னு கொடுத்தா தலையில தேய்க்க வேண்டாமா? இதை அவர்கிட்டயும் சொன்னேன். அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் கேட்டாரு:

"நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அந்த 'நீங்க' எனக்குச் சுருக்குன்னுது. நான் சாவியைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அவரு காத்திருந்தாரு. அவசரப்படுத்தலை. அந்தப் பக்கம் கொதிகலனுக்குக் கட்டை போடறவன் ரெண்டு தடவை வந்து போட்டுட்டுப் போனான், அவ்வளவு நேரம் காத்திருந்தாரு. அப்புறம் எழுந்து துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தாரு. நானும் பின்னால போனேன். முதலாளி போறப்ப நான் உட்கார்ந்திருக்கலாமா?

குப்பத்து நடுவுல நின்னு சொன்னாரு: "என் எண்ணெய். நான் கொடுத்தது. விளக்குக்கு எரிக்கிற எண்ணெய் கலந்திருக்கு. தப்பு என்னுது." அவ்வளவுதான். என் பேரு அவரு வாயில வரலை. மண்ணை வாரி எறிஞ்சாங்க. ஒருத்தன் சங்கை விட்டெறிஞ்சான், நெத்தி கிழிஞ்சு ரத்தம் கண்ணுக்குள்ள இறங்குது. நான் துடைக்கப் போனேன். என் கையைத் தட்டி விட்டாரு. முதலாளியே ஒண்ணைச் சொன்னதுக்கு அப்புறம் நான் குறுக்கே பேசினா அவரைப் பொய்யனாக்கினதா ஆகாதா? அதனால நான் பேசலை. அதுவும் ஒரு விசுவாசம்தான். செங்கேணியோட சின்னதும் அன்னைக்குச் சாயங்காலமே போயிடுச்சு. ஒன்பதுல அதுவும் சேர்த்தி.

அப்புறம் அந்த ஊர்ல அவர் எண்ணெயை ஒருத்தன் தொடலை. ஆலை பாதி நாள் நின்னுது. போலீஸு, விசாரணை எல்லாம் வந்தது, எல்லாத்துக்கும் அவரே பதில் சொன்னாரு. தேரடித் தெருவுல இருந்த ரெண்டு வீட்டையும் வித்து, குப்பத்து ஓரத்துல ஆஸ்பத்திரிக்குக் கடைக்கால் தோண்டினாரு. இங்க ஒண்ணு சொல்லணும். யோசிச்சுப் பார்த்தா அந்த ஆஸ்பத்திரி வந்ததே என்னாலதான். இன்னைக்கு எத்தனை பிரசவம் நடக்குது அங்க. வாசல் கல்லுல கொத்தனாரு பேரு கூட வெட்டியிருக்கு, என் பேரு இல்லை. குப்பத்துக் கிழவிங்க மட்டும் அந்தக் கல்லை நிமிர்ந்து பார்க்காம உள்ளே போவாங்க. செட்டியார் பேரைச் சொன்னா இன்னும் அவங்களுக்கு ஆகாது.

என்னை வேலையை விட்டு நிறுத்துவாருன்னு நினைச்சேன். நானே சாவியைக் கொண்டுபோய் வச்சேன். திருப்பி என் பக்கம் தள்ளினாரு. "நீங்க போயிட்டா யார் சாப்பிடறது?"ன்னாரு. அப்ப எனக்கு அர்த்தம் தெரியலை.

அடுத்த தீபாவளிக்குத் தெரிஞ்சுது. ஆலை வாசல்ல பீப்பாய் வரிசையா நிக்குது. தமுக்கு அடிச்சாச்சு. ஜனங்க வந்தாங்க, ஆனா கிட்ட வரலை. ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்னாங்க. செட்டியார் வாசல்லயே அடுப்பு மூட்டச் சொன்னாரு. ஒவ்வொரு பீப்பாய்லேருந்தும் ஒரு அகப்பை எடுத்துச் சட்டியில ஊத்தி, அவரே உட்கார்ந்து வடை தட்டிப் போட்டாரு. முதல் வடையை இலையில வச்சு என்கிட்ட நீட்டி, சாப்பிடுங்க பிள்ளைன்னாரு.

அத்தனை பேருக்கு முன்னால, நடுரோட்டுல, கிட்டங்கிப் பிள்ளை நின்னுக்கிட்டே வடை தின்னணுமாம். கிளி ஜோசியக்காரன் கிளி மாதிரி. தின்னேன். எண்ணெய் சுத்தம், எனக்குத் தெரியும், நானே எள்ளைப் பார்த்து வாங்கினது. ஆனாலும் விழுங்கறதுக்கு முன்னால இன்னொரு தடவை அந்தப் பீப்பாய்ங்களைப் பார்த்துக்கிட்டேன். அப்புறம் பெஞ்சியில உட்காரச் சொன்னாரு. ஆலைக்கு எதிர்த்தாப்பல ஒரு பனை. அதோட நிழல் என் கால்கிட்ட வர்ற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். ஊரு முழுக்க என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னுது.

நிழல் வந்தப்ப செங்கேணிதான் முதல்ல ரோட்டைத் தாண்டி வந்தா. கிட்ட வந்து என் கண்ணைப் பார்த்தா. வயித்தை வலிக்குதாய்யான்னு கேட்டா. இல்லைன்னேன். அப்புறம்தான் பானையை நீட்டினா. அந்த வருஷத்துலேருந்து வீட்டுக்கு ரெண்டு படி. தலைக்கு ஒண்ணு, அடுப்புக்கு ஒண்ணு.

அப்படி ஆரம்பிச்சது. ஜனங்களுக்கு எதுவும் நாளாக நாளாக வேற மாதிரி ஆயிடும் இல்லையா? ரெண்டாம் வருஷம் மேளம் வந்தது. அஞ்சாம் வருஷம் யாரோ மாலை போட்டாங்க. அப்புறம் கரைவேட்டி. பிள்ளை சாப்பிட்டாச்சுன்னு குரல் கொடுத்தாத்தான் ஊர்ல அடுப்பு எரியும். நமக்காக முதல்ல வாயில போட்டுப் பார்க்கிற மகராசன்னு பொம்பளைங்க பிள்ளைங்களைத் தூக்கிக் காட்டுவாங்க. என் பேரன் பள்ளிக்கூடத்துல அதைச் சொல்லிப் பெருமை அடிச்சுக்கிறான். அது மரியாதை இல்லைன்னா வேற எது மரியாதை?

உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. ஐப்பசி பிறந்தா எனக்கு ஒரு பருக்கை உள்ளே போகாது. வீட்டுக்காரி விரதம்னு நினைச்சுக்குவா. அந்த வடை இறங்கி, பனை நிழல் கால்கிட்ட வந்து, எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு ஆனதும் பசிக்கும் பாருங்க, அப்படிப் பசிக்கும். அன்னைக்குச் சாப்பிடறதுதான் எனக்குச் சாப்பாடு. அடுத்த வருஷம் வரைக்கும் அதுல ஓடும்.

தை மாசம் செட்டியார் படுத்துட்டாரு. கால் பிடிச்சுவிட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் திறந்து பார்த்து, "போதும்யா. இனிமே நீ சாப்பிட வேணாம்"ன்னாரு. இருபது வருஷத்துக்கு அப்புறம் அந்த 'யா'. சுரத்துல ஏதோ சொல்றாருன்னு விட்டுட்டேன். மறுநாள் போயிட்டாரு.

இந்தத் தீபாவளிக்கு நான் வேட்டி கட்டிக்கிட்டுப் போய் நிக்கிறேன். அவர் மாப்பிள்ளை, வக்கீல், ஒரு காகிதத்தைப் பிரிச்சு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி படிக்கிறாரு. எனக்குப் பிறகு குமரகுரு பிள்ளை முதல் வடை சாப்பிட வேண்டியதில்லை, அவர் சாப்பிட்டது போதும், செங்கேணி சம்மதித்தால் அவள் கையில் கொடுக்கவும், அப்படின்னு. கையெழுத்து அவருதுதான். எனக்குத் தெரியாதா அந்தக் கையெழுத்து? ஆனாலும் நான் விடலை. இது என் பாத்தியதைன்னு சத்தம் போட்டேன். மேளக்காரன் நிறுத்திட்டு என்னை வேடிக்கை பார்க்கிறான்.

செங்கேணி வந்தா. முடியெல்லாம் வெளுத்துப்போச்சு. கல்யாணம் காட்சின்னு அப்புறம் ஒண்ணும் பண்ணிக்கலை, தனியாத்தான் இருக்கா. இலையில வடையை வாங்கிக்கிட்டு நேரா என்கிட்ட வந்தா. ரெண்டாப் பிட்டு ஒரு பாதியை என் கையில வச்சா.

"நீங்க சாப்பிடாம நான் எப்படிய்யா சாப்பிடுவேன்? அந்தச் செட்டி என் பிள்ளைங்க வாயில விஷத்தைப் போட்டாரு. நீங்க எங்களுக்காக இருபது வருஷம் உங்க வாயைக் கொடுத்தீங்க. எங்களுக்குன்னு இருந்தது நீங்க ஒருத்தர்தான்."

சொல்லிட்டு அவ பாதியை வாயில போட்டுக்கிட்டா. என் பாதியை நானும் போட்டேன். இருபது வடை தின்ன வாய் ரைட்டர் ஐயா. அந்தப் பாதி இறங்கலை. மெல்லறேன், மெல்லறேன், மண்ணு மாதிரி சுத்துது. கூட்டத்துக்குப் பின்னால போய்த் துண்டுல துப்பிட்டேன். அன்னையிலேருந்து கஞ்சித் தண்ணிதான்.

அதான் மனு. முதல் வடையை எனக்கே திருப்பிக் கொடுக்கணும், நான் இருக்கிற வரைக்கும். முழுசா, பிட்டுக் கொடுக்காம. அவ்வளவுதான் நான் கேக்கறது. இது நியாயமா இல்லையா?

என்ன, அப்படிப் பார்க்கறீங்க. 'எந்த உரிமையில் கேட்கிறார்'னு ஒரு வரி எழுதியே ஆகணும்கறீங்க. வழக்கம்னு போட்டாப் பத்தாது, காகிதத்துல செட்டியாரே வேண்டாம்னு எழுதியிருக்காரு, அதை மீறணும்னா காரணம் வேணும்கறீங்க. சரியாத்தான் சொல்றீங்க. விசுவாசமான ஊழியம்னு போட்டா? அதுவும் பத்தாதா.

கொஞ்சம் தண்ணி கொடுங்க. இல்லை, வேண்டாம், இறங்காது.

அந்தக் காகிதத்தைக் கிழிச்சுடுங்க. மேளம், மாலை, கரைவேட்டி எதுவும் வேண்டாம். புதுசா ஒண்ணு எடுங்க. எழுதுங்க. கர வருஷம் தீபாவளிக்குக் குப்பத்துக்கும் சேரிக்கும் கொடுத்த எண்ணெயில காட்டாமணக்கு எண்ணெயைக் கலந்தது தில்லைநாயகம் செட்டியார் இல்லை. அவரு அப்ப ஊர்லயே இல்லை. கலந்தது கிட்டங்கிப் பிள்ளை குமரகுரு. ஒன்பது பேருன்னு எழுதுங்க. ஆறு பிள்ளைங்கன்னும் எழுதுங்க. தலைக்குன்னுதான் கொடுத்ததுன்னு... இல்லை, அந்த வரி வேண்டாம். அதை விட்டுடுங்க.

மேல 'மகாராஜராஜஸ்ரீ கலெக்டர் துரை அவர்கள் சமூகத்துக்கு'ன்னு போட்டிருக்கீங்களே, அதையும் அடிச்சுடுங்க. கலெக்டருக்கு இதுல என்ன இருக்கு. செங்கேணிக்குன்னு போடுங்க. புன்னைப்பட்டு குப்பம், செங்கேணி அம்மாளுக்கு.

எழுத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடுங்க, என் கண்ணு மங்கல். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படிச்சுக் காட்டணும்.